கடலைவிடத் தாழ்ந்த ஊரில் என் மகள்

1

இன்று என் பேரனுக்கு ஒரு வயது. கனடாவின் மார்க்கம் நகரத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேக் இருக்கிறது; அதற்கு உரியவன் ஒல்லாந்து நாட்டின் வடக்கு மூலையில் இருக்கிறான். அவன் அங்கே மெழுகுதிரியை ஊத, நாங்கள் இங்கே கேக்கை வெட்டுவது என்று மகள் ஏற்பாடு செய்திருக்கிறாள். காலையில் இருந்து நான் கேக்கின் பக்கம் திரும்பவில்லை. போனில் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காற்றுக்கென்று ஒரு படம் வருகிறது. வட கடலின் மேல் சின்னச் சின்ன அம்புகள் ஓடும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனம். இன்று விடியத்தில் இருந்து சிவப்பு. எல்லா அம்புகளும் வடமேற்கில் இருந்து ஒரே பக்கமாகப் பாய்கின்றன. அந்தப் பக்கத்தில் மீலும் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் என் ஒரே மகள் ஜெசி.

"இஞ்சருங்கோ, உந்தப் போனைக் கீழ வையுங்கோ. நீங்கள் பாத்தால் காத்து நிக்குமே?" என்கிறாள் என் மனைவி பிலோமினா.

நிற்காது. அது எனக்கும் தெரியும். ஆனால் கீழே வைக்கக் கை வருகுதில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் என்னைப் பற்றி வேறு கதை கேட்டிருப்பீர்கள். சூசைப்பிள்ளை வெறும் கையோடு கனடாவுக்குப் போனவர், சொந்தக் கொம்பனி வைத்தவர், அவருடைய பெயர் எழுதிய ரக்குகள் ஸ்காபரோ முழுக்க ஓடின என்றெல்லாம். அவ்வளவும் உண்மை. அதில் ஒன்றையும் நான் குறைக்கப் போவதில்லை. ஆனால் பயந்த சூசைப்பிள்ளையை உங்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதையும் நானே சொல்கிறேன்.

2

என் தொழில் தண்ணீரை வெளியே நிறுத்துவது. இங்கே வீடு என்றால் நிலத்துக்குக் கீழேயும் ஒரு தட்டு இருக்கும், பேஸ்மென்ற் என்பார்கள். மழைத் தண்ணீரும் பனி உருகிய தண்ணீரும் சுவர் வெடிப்புகளால் அதற்குள் வரப் பார்க்கும். வீட்டைச் சுற்றிக் கிடங்கு வெட்டி, சுவரின் வெளிப்பக்கத்துக்குத் தார் பூசி, அடியில் ஓட்டைக் குழாய் போட்டு, வருகிற தண்ணீருக்கு வேறு வழி காட்டிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன் நான். கதவைத் திறந்து படியில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்தால் போதும், எந்தச் சுவர் கசிகிறது என்று சொல்லிவிடுவேன். ஸ்காபரோவில் காய்ந்த பேஸ்மென்ற் ஒன்றுக்குள் போக நேர்ந்தால், காயவைத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த மூக்கு எனக்குப் பயத்தால் வந்தது. வந்த புதிதில் ரொறொன்ரோவின் பார்க்டேலில் ஒரு பேஸ்மென்றில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். ஜெசி அப்போது கைக்குழந்தை. ஒருநாள் கோடை மழை. நான் வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டு நிற்கிறேன், தொட்டிலுக்குக் கீழே கிடந்த ரப்பர் செருப்பு தானாக நகர்ந்து வந்து என் காலில் முட்டியது. குனிந்து பார்த்தால் தரை முழுக்கத் தண்ணீர். சத்தம் இல்லை. அன்றைக்கு வாளியால் அள்ளத் தொடங்கினவன்தான், பிறகு மற்றவர்களின் வீட்டிலும் அள்ளினேன், பிறகு வராமலே தடுக்கப் பழகினேன்.

அதற்கு முந்தியும் எனக்குத் தண்ணீரைத் தெரியும். ஊர்காவற்றுறைப் பக்கம் எங்கள் வீட்டுக்குள் ஒரு புயலுக்குக் கடல் வந்தது. அலையாக எழும்பி வரவில்லை. முதலில் அடுப்படித் தரை ஈரமானது. பிறகு அடுப்புச் சாம்பல் மெல்ல எழும்பி மிதந்தது. பிறகு கதவு தானாகத் திறந்தது. என் ஐயா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் இருந்த அந்தோனியார் கோயிலுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது வீடு நின்றது. ஆனால் கிணற்றுத் தண்ணீரை அதற்குப் பிறகு வாயில் வைக்க முடியவில்லை.

ஆகவே தண்ணீர் என்ன செய்யும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

3

ஜெசியும் தண்ணீரைத்தான் படித்தாள். நான் மண்வெட்டியால் செய்ததை அவள் கொம்பியூட்டரில் செய்யப் படித்தாள் என்று எல்லோருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டேன். மேற்படிப்புக்கு ஒல்லாந்துக்குப் போனாள். அங்கே யெல்லே என்ற பொடியனைக் கண்டாள். நல்ல பொடியன், உயரம்தான் கொஞ்சம் அதிகம். ஃபிரீசியர் என்று ஒரு சாதிச் சனம். ஒல்லாந்தருக்கும் விளங்காத தனி மொழி பேசுகிறவர்கள். கல்யாணம் முடிந்து யெல்லேயின் தகப்பன் இருக்கிற ஊரிலேயே வீடு எடுத்தார்கள். அன்றைக்கு போனில் கேட்டேன்.

"வீட்டில இருந்து பாத்தால் கடல் தெரியுமோ பிள்ளை?"

"தெரியாது அப்பா."

"அப்ப நல்லது. தூரமோ?"

"இல்லை, கிட்டத்தான். அணைக்கட்டு மறைக்கிறார். புயல் நேரம் கடல் ஏறினால் எங்கட தலைக்கு மேல நிப்பார். ஆனா டோன்ட் வொறி. முன்னுக்கு வாக்கர் நிக்கிறார். அவருக்குப் பின்னால ஸ்லாபர் நிக்கிறார்."

என் மகளின் தமிழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மரியாதையாகப் பேசப் பழக்கவேண்டும் என்று சின்னதிலேயே தாய் கண்டிப்பாக இருந்தாள். அதனால் ஜெசிக்கு உலகத்தில் எல்லாமே 'அவர்'தான். பஸ் வாறார், பூனை படுத்திருக்கிறார், கறி எரிஞ்சிட்டார். ஆகவே வாக்கர் என்பவர் ஒரு காவல்காரர் என்றே நான் நினைத்தேன்.

"மற்றவர் என்ன செய்யிறார், அந்த ஸ்லாபர்?"

"அவர் நித்திரை கொள்ளுறவர்."

"என்ன? கடலுக்குக் காவல் வச்சிட்டு நித்திரையோ? உடன எழுப்பச் சொல்லு அவனை!"

மகள் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்துவிட்டது. பிறகுதான் விளங்கப்படுத்தினாள். இரண்டும் அணைகள். கடலோடு முட்டி நிற்பது வாக்கர், அதாவது விழித்திருப்பவர். முன்னொரு காலம் அவருடைய வேலையைச் செய்து, கடல் தள்ளிப்போனபின் வயலுக்குள் சும்மா கிடப்பது ஸ்லாபர். அதற்கும் பின்னால் இன்னும் பழைய ஒன்று இருந்தால் அது ட்ரோமர், கனவு காண்பவர்.

மறுநாள் கோப்பிக் கடையில் இதைச் சொன்னேன். செல்வராசா என்னிடம் வேலை பழகி இப்போது சொந்தமாகச் செய்பவன். அவன் விட்டானா?

"சூசை அண்ணை, இது எங்கட ஊர்ச் சங்கக் கமிற்றி மாதிரியெல்லோ கிடக்கு. ஒருத்தர் முழிப்பு, ஒருத்தர் நித்திரை, ஒருத்தர் கனவு."

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு, ஜெசிக்குப் பிள்ளை கிடைக்கப்போகிறது என்ற செய்தி வந்த நாளோடு போய்விட்டது. அன்றைக்கே பிலோமினாவிடம் சொன்னேன்.

"நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். பிள்ளை இஞ்ச பிறக்கட்டும். இது மேட்டு வீடு."

"கேட்டு வாற பிள்ளையே உங்கட மகள்? ஆரின்ர பிடிவாதம் அது?" என்றாள். முழங்கால் வருத்தத்தோடு அவளால் அவ்வளவு தூரம் போக முடியாது. நான் தனியே போனேன்.

4

விமான நிலையத்திலேயே காரியம் பிழையாகிவிட்டது. எங்கே போகிறாய், எதற்கு என்று கண்ணாடிக்குள் இருந்தவர் கேட்டார். ஐ கம் டு டேக் மை டோட்டர் என்றேன். அவருடைய முகம் மாறியது. மகளுக்கு எத்தனை வயது, அவளுக்கு இது தெரியுமா என்று கேள்விகள் தொடங்கின. என்னை ஒரு பக்கமாகக் கதிரையில் இருத்திவிட்டு, யெல்லேக்கு போன் எடுத்து விசாரித்த பிறகுதான் விட்டார்கள். யெல்லே அவர்களிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. காரில் ஏறியதும், "அங்கிள், யூ மீன்ற் டேக் கெயார்," என்றான்.

அந்தப் பக்கத்து ஊர்ப் பலகைகளில் ஒரே ஊருக்கு இரண்டு பெயர். ஒன்று அவர்களுடைய மொழியில், மற்றது நாட்டு மொழியில். முடிவில் பெரும்பாலும் ஒரு 'உம்' இருக்கும். நாங்கள் வரும், போகும் என்பதுபோல. மீலும் என்று யெல்லே சொல்லும்போதெல்லாம் எனக்கு 'மீளும்' என்றுதான் காதில் விழுந்தது.

தரை என்றால் அப்படி ஒரு தட்டைத் தரை. மரம் குறைவு, வேலி கிடையாது, வேலிக்குப் பதில் வாய்க்கால். தூரத்தில் கோயில் கோபுரம் ஒன்று தெரிந்தால் அங்கே ஒரு ஊர் என்று அர்த்தம். ஒவ்வொரு ஊரும் ஒரு மேடு. அந்த மேட்டை ஆண்டவன் படைக்கவில்லை, மனிதர்கள்தான் செய்தார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் யெல்லேயின் தகப்பன் வீபே. பால் மாடு வைத்திருந்த மனிதர், என்னைப் போலவே பள்ளிக்கூடம் குறைவு. அவர் தன் மொழியில் சொல்ல, ஜெசி தமிழாக்கினாள். அணை என்ற ஒன்று இல்லாத காலத்தில் கடல் நினைத்தபோது உள்ளே வந்து போகுமாம். ஆகவே சனம் களிமண்ணும் மாட்டுச் சாணமும் வீட்டுக் குப்பையும் சேர்த்துக் கொட்டி, அதன் மேல் குடியிருந்து, பிறகும் கொட்டி, தலைமுறை தலைமுறையாக உயர்த்தினார்களாம். ஒவ்வொரு வீட்டுக் குவியலும் பக்கத்துக் குவியலோடு சேர்ந்து ஊர் ஆனது. உச்சியில் கோயிலைக் கட்டினார்கள். கடல் ஏறினால் மாடும் மனிதரும் கோயிலடிக்கு. அதைக் கேட்டபோது ஐயாவின் தோள் எனக்கு நினைவு வந்தது. சரி, விளங்கின சனம் என்று நினைத்தேன்.

பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். அணைகள் கட்டி முடிந்து பயம் விட்டுப்போன காலத்தில், அந்த மேட்டு மண் வயலுக்கு நல்ல பசளை என்று கண்டுபிடித்தார்கள். வெட்டி வெட்டி வள்ளத்தில் ஏற்றி வாய்க்கால் வழியே மணல் ஊர்களுக்கு விற்றார்கள். சீப்பு வந்ததாம், பானை வந்ததாம், எலும்பு வந்ததாம். நிறுத்தவில்லை. கோயில் மதில் வரைக்கும் வெட்டி, இனிமேல் வெட்டினால் கோயில் விழும் என்ற இடத்தில் விட்டார்கள். பாணில் ஒரு பக்கத்தை நெடுக வெட்டி எடுத்ததுபோல இன்றைக்கும் நிற்கிறது மீலும். மேலே கோயிலும் கல்லறைகளும். வெட்டிய பள்ளத்தில் பின்னால் கட்டிய சில வீடுகள். அதில் ஒன்று என் மகளுடைய வீடு. அவளுடைய குசினி யன்னலைத் திறந்தால் எதிரே அந்த மண் சுவர்.

"காலுக்குக் கீழ இருந்த உயரத்தையோ வித்தனீங்கள்?" என்று வீபேயைக் கேட்கச் சொன்னேன்.

அவர் தோளைக் குலுக்கினார். வாக்கர் இருக்கிறார்தானே என்று நினைத்திருப்பார்கள் என்றார்.

அந்த மனிதரோடு ஒரு சிரிப்பும் உண்டு. முதல் நாள், ஆங்கிலம் அவருக்கு விளங்காமல், அவசரத்தில் நான் ஜெசியிடம் "கக்கூஸ் எங்க?" என்று கேட்டேன். வீபே மேசையில் அடித்துச் சிரித்தார். அது அவர்களுடைய சொல்லாம், இப்போது மரியாதையான வீட்டில் சொல்வதில்லையாம். எங்களை ஆண்டுவிட்டுப் போன ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்லை நான் இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்து திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். பிறகு அலுவலகத்துக்குக் கந்தோர் என்றேன், மேசை இழுப்பறைக்கு லாச்சி என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார். அதற்குமேல் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்று சொல்லோடு நாங்கள் தேத்தண்ணி குடித்தோம்.

5

நான் அங்கே போய்ச் சேர்ந்த கிழமையே காற்று எழும்பியது. யெல்லேயின் போன் அடித்தது. அவன் தண்ணீர் ஊறாத எண்ணெய்ச் சட்டையைப் போட்டு நீளச் சப்பாத்தை மாட்டினான்.

"எங்க போறார்?"

"அணையில நடக்க. புயலுக்கு நடக்கிற ஆக்கள் இருக்கினம் அப்பா. அகழெலி தோண்டின ஓட்டை, புல்லு கழண்ட இடம், கசிவு எல்லாம் பாக்க வேணும்."

"அப்ப ஓட்டை இருக்கோ?"

"இருக்கோ எண்டு பாக்கத்தான் போறார்."

வயிற்றுப் பிள்ளைக்காரி இதைச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கினாள்.

என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. வீபே என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்லாபர் வரைக்கும் போனார். வயலுக்கு நடுவில் புல் மூடிய நீள முதுகு. அதன் மேல் ஏறி நின்றோம், நிற்க முடியாமல் குந்தினோம். அங்கிருந்து வாக்கர் தெரிந்தது. அதுவும் பச்சை முதுகுதான். கடல் தெரியவில்லை. ஆனால் அந்த முதுகுக்கு மேலாக நுரை பறந்து வந்தது. சத்தம் காதுக்கு நேரே வரவில்லை, தலைக்கு மேலே இருந்து வந்தது. எங்கள் ஊரில் கடலை நான் கண்ணால் கண்டுதான் பயந்தேன். எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்த்துப் பயப்படலாம். இங்கே அது சுவருக்கு மறுபக்கம் என்னைவிட உயரமாக நிற்கிறது, நான் பார்க்க முடியாது. வாழ்நாள் முழுக்கச் சுவருக்கு மறுபக்கம் நிற்கிற தண்ணீரோடு வேலை செய்தவன் நான். வீபே என் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு பையை எடுத்தேன். அவளுடைய பாஸ்போட், வைத்தியர் கொடுத்த கடதாசிகள், போர்வை, பிஸ்கற்.

"எழும்பு பிள்ளை. கோயிலடிக்குப் போவம்."

"கோயில் பூட்டு அப்பா."

"மதிலடியில இருப்பம். எழும்பு எண்டுறன்! நாளைக்கே ரொறொன்ரோவுக்குப் போறம். இந்தப் பள்ளத்திலயோ என்ர பேரப்பிள்ளையை வளக்கப் போறாய்? தண்ணிக்குக் கீழயோ?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை.

"என்னை எங்க வளத்தனீங்கள் அப்பா?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"பார்க்டேலில. நிலத்துக்குக் கீழ. யன்னலால பாத்தால் றோட்டில போற ஆக்களின்ர சப்பாத்துத்தான் தெரியும். ஸ்கூல் போற வயசு வரைக்கும் அங்கதானே இருந்தனாங்கள்?"

"அது வழியில்லாமல் இருந்தது. நீ விரும்பியெல்லோ வந்திருக்கிறாய்!"

"ஓம், விரும்பித்தான். ஆனா அங்க எனக்கு ஒருநாளும் பயம் வரேல்லை. ஏன் தெரியுமோ? மழை வந்தால் நீங்கள் என்ர கட்டிலுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பீங்கள். சொக்ஸைக் கழட்டிப்போட்டு வெறுங்காலைத் தரையில வச்சிருப்பீங்கள். ஏன் அப்பா செருப்புப் போடேல்லை எண்டு நான் கேட்டனான். தண்ணி வந்தால் என்ர கால் சொல்லும், நீ படு எண்டனீங்கள். நான் படுத்திட்டன். தட்ஸ் இற்."

நான் பையோடு நின்றேன். அந்தக் கதிரையை நான் மறந்துவிட்டேன் என்றால் பொய். அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். அது காவல் இல்லைப் பிள்ளை, அந்த நேரம் எனக்குப் படுக்கப் பயம், படுத்தால் செருப்பு வந்து காலில் முட்டும் என்று பயம் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. அவள் என் பயத்தை நம்பி நித்திரை கொண்டிருக்கிறாள். அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

பொழுதுபட யெல்லே வந்தான். சேறு காது வரைக்கும். பட்டாணி சூப்பைக் குடித்தான், கதிரையிலேயே தலை சாய்ந்துவிட்டான். "பாருங்கோ அப்பா, ஸ்லாபர்," என்று ஜெசி அவனுடைய தலைக்குக் கீழே ஒரு துவாயை மடித்து வைத்தாள். தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது என்று வீபேக்குச் செய்தி வந்தது.

நான் தனியேதான் கனடாவுக்குத் திரும்பினேன். நாலு ரக் ஓட்டியவன், நாற்பது பேருக்கு வேலை கொடுத்தவன், ஒரு பிள்ளையைக் கூட்டிவர முடியாமல் வெறுங்கையோடு வந்தேன்.

6

பொடியன் சுகமாகப் பிறந்தான். ஹிடே சூசை என்று பெயர். கந்தோரில் பதிகிறவர் சூசையைக் கேட்டுவிட்டு 'சூசி' என்று எழுதப் பார்த்தாராம். அது பெண்பிள்ளைப் பெயர் என்று யெல்லே தடுத்தானாம். இப்போது அந்த ஊர்ப் புத்தகத்தில் என் பெயரும் இருக்கிறது. ஊர்காவற்றுறையில் இருந்து எவ்வளவோ பேர் எங்கெங்கோ போயிருக்கிறார்கள். மீலுமில் பெயர் உள்ளவன் நான் ஒருவன்தான்.

அது பெருமைதான். ஆனால் பெருமை இன்றைக்கு உதவவில்லை. சிவப்பு அம்புகள் இன்னும் தடித்திருக்கின்றன. எங்களுக்கு மத்தியானம் ஆகும்போது அங்கே பொழுதுபடும், கடல் ஏறி முடிகிற நேரம். கோப்பிக் கடையில் இருந்து செல்வராசா போன் எடுத்தான்.

"அண்ணை, வாக்கர் என்ன செய்யிறாராம்?"

"வை போனை," என்றேன். மற்ற நாளென்றால் நானும் ஒன்று திருப்பிச் சொல்லியிருப்பேன்.

பிறகு ஜெசி வந்தாள். வீடியோவில் முகம் களைத்திருந்தது. அவளுக்குப் பின்னால் யன்னல் அதிர்கிற சத்தம் இங்கே மேசைக்குக் கேட்டது. பிலோமினா கேக்கில் திரியைக் குத்திக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கேக்கை நாளைக்கு வெட்டுவம். அவர் நித்திரையாயிட்டார்."

"ஆர்?"

"உங்கட பேரன்தான். கத்திக் கத்தி இப்பத்தான் படுத்தவர்."

"யெல்லே எங்க?" என்று நான் கேட்டேன்.

"அணைக்குப் போயிட்டார்."

"வீபே?"

"அவரும் போயிட்டார், சொல்லக் கேளாமல். வயசு போன மனிசன்." இந்த முறை அவளுடைய குரலில் சிரிப்பு இல்லை. "அப்பா, இண்டைக்குக் கொஞ்சம் பெருசாத்தான் வருது."

எழும்பு, பிள்ளையைத் தூக்கு, கோயிலடிக்கு ஓடு என்று நெஞ்சுக்குள் கத்துகிறேன். வெளியே வந்தது வேறு.

"மதில் பக்கம் ஏற வேண்டி வந்தால் போர்வை கைக்கெட்டின இடத்திலயோ இருக்கு?"

"கதவடியில வச்சிருக்கிறன். பாஸ்போட், பிஸ்கற்றும்." அன்றைக்கு நான் கட்டிய பையைப் போலவே ஒரு பையை அவள் கட்டியிருக்கிறாள். "நான் ஒரு மணித்தியாலம் சரியப் போறன் அப்பா. ரண்டு நாளாய்ப் படுக்கேல்லை. போனைத் தொட்டிலுக்கு நேர வச்சிருக்கிறன். நீங்கள் இருப்பீங்கள்தானே?"

"இருக்கிறன். நீ படு."

படம் ஆடி அசைந்து ஒரு இடத்தில் நின்றது. தொட்டில் கம்பி, ஒரு சின்னக் கை, மூச்சுக்கு ஏறி இறங்குகிற போர்வை, அதற்குக் கீழே பலகைத் தரை கொஞ்சம். யன்னல் அதிர்கிறது. நான் அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மினுங்குகிறதா, நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறேன். சமுத்திரத்துக்கு இந்தப் பக்கம், மேட்டு வீட்டில் இருந்துகொண்டு.

"என்னப்பா செய்யிறியள்? இந்தக் குளிருக்குள்ள சிலிப்பரைப் போடுங்கோ," என்றாள் பிலோமினா.

குனிந்து பார்த்தேன். எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. சொக்ஸும் கதிரையடியில் கிடந்தது. வெறுங்கால் இரண்டும் தரையில் இருந்தன.

தரை குளிர்ந்தது. காய்ந்துதான் இருந்தது. நான் காலை எடுக்கவில்லை.